ஐ-அடுக்கில் கலந்த போரான்: ஒற்றைச் சேம்பரில் செய்த அமார்ஃபஸ் சிலிக்கான் சூரியக்கலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மெல்படல ஆய்வகத்தில் நடந்த வேலை இது. மேற்பார்வையாளர் ஒருவர், முனைவர் பட்ட ஆய்வாளர்கள் இருவர், பிளாஸ்மா கருவியைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் ஒருவர். கலங்களை அளப்பதும் அளவீடு சொல்வதைப் படித்துச் சொல்வதும் என் பொறுப்பு. பெயர்களை இங்கே தவிர்க்கிறேன்.

சிலேன் வாயுவைப் பிளாஸ்மாவில் உடைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் கண்ணாடி மீது படியவைத்தால் கிடைப்பது அமார்ஃபஸ் சிலிக்கான். அணுக்கள் படிகம் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்காது. அங்கங்கே இணை கிடைக்காமல் தொங்கும் பிணைப்புகளை ஹைட்ரஜன் போய் மூடுகிறது. படலத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு அணு ஹைட்ரஜன்தான். ஒளியை இது நன்றாக உறிஞ்சுவதால் ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு தடிமனே போதும். படிக சிலிக்கானுக்கு நூறு மைக்ரானுக்கு மேல் வேண்டியிருக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஸ்பியரும் லெகோம்பரும் இந்தப் பொருளில் போரானையும் பாஸ்பரஸையும் கலந்து அதன் மின்கடத்தலைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் 2.4 சதவீதச் செயல்திறனுள்ள கலத்தை அறிவித்தார்கள். 1977இல் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் இதன் பெரிய குறையைக் கண்டறிந்தார்கள்: வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பொருளில் புதிய குறைகள் உருவாகி மின்கடத்தல் விழுகிறது; 150 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் திரும்பி வருகிறது. இன்றுவரை இந்தத் துறையில் வேலை செய்பவர் எவரும் அந்த விளைவைத் தாண்டிப் போக முடியவில்லை.

கலத்தின் அமைப்பு பி-ஐ-என். போரான் கலந்த மெல்லிய பி-அடுக்கு, எதுவும் கலக்காத ஐ-அடுக்கு, பாஸ்பரஸ் கலந்த என்-அடுக்கு. மின்சாரம் பிறப்பது நடுவில் இருக்கும் ஐ-அடுக்கில். அங்கே பிறக்கும் எலக்ட்ரானையும் துளையையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம், நேர் மின்னூட்டம் போல நகர்வது) இரு பக்கமும் இழுத்துச் செல்வது பி-க்கும் என்-க்கும் இடையே நிற்கும் மின்புலம். அந்த மின்புலம் எங்காவது தளர்ந்தால், பிறந்த துகள்கள் வெளியே வராமல் உள்ளேயே மடிந்துவிடும். துளைகள் மெதுவாக நகர்பவை என்பதால் அவற்றுக்குத் தூரம் குறைய வேண்டும் என்று ஒளியை எப்போதும் பி-பக்கமாகவே விடுகிறோம்.

ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு சேம்பர், அதாவது படலம் படியவைக்கும் வெற்றிட அறை. மூன்று அடுக்கையும் அதிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடியை வெளியே எடுக்காமல் படியவைப்பார்கள். ஒளியை ஊடுருவவிட்டு மின்சாரத்தையும் கடத்தும், ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய சொரசொரப்பான கண்ணாடி மீது பி-அடுக்கு, பின்பக்கம் அலுமினியம். பல சேம்பர் கொண்ட கருவிக்கு நிதி கேட்டு எழுதியது அப்போது நிலுவையில் இருந்தது.

முதலில் கண்டது

கலங்கள் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டன. ஐ-அடுக்கு சுமார் 450 நானோமீட்டர். திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது கலம் தருவது) 0.81 வோல்ட், ஃபில் ஃபேக்டர் (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் சக்தியில் உண்மையில் எடுக்க முடிகிற பங்கு) 0.56, மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 13.6 மில்லி ஆம்பியர். ஒழுங்காகச் செய்த கலத்தில் மின்னழுத்தம் 0.87-க்குக் குறையக் கூடாது. ஃபில் ஃபேக்டர் 0.7-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

அளவீட்டில் முதல் வேலையாகக் கலத்தின் மேல் துல்லியமாக வெட்டிய முகமூடித் தகட்டை வைத்தோம். கலம் கால் சதுர சென்டிமீட்டர்தான். மின்முனையின் விளிம்புக்கு வெளியே விழும் ஒளியும் கொஞ்சம் மின்னோட்டம் தரும். தகடு இல்லாமல் அளந்தால் மின்னோட்டம் கூடுதலாகத் தெரியும். இந்தச் சின்ன விஷயம் எத்தனையோ நல்ல அறிக்கைகளைக் கெடுத்திருக்கிறது. மேலே சொன்ன எண்கள் தகடு வைத்து எடுத்தவை.

அடுத்தது, ஒவ்வொரு நிற ஒளியிலும் கலம் எவ்வளவு மின்னோட்டம் தருகிறது என்று பார்க்கும் குவாண்டம் திறன் அளவீடு. பச்சையிலும் சிவப்பிலும் பெரிய குறை இல்லை. நீலத்தில், 400 நானோமீட்டர் பக்கம், வளைவு கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்திருந்தது. நீல ஒளி ஐ-அடுக்கின் முதல் சில பத்து நானோமீட்டரிலேயே முழுதாக உறிஞ்சப்பட்டுவிடும். எனவே குறை பி-அடுக்கிலோ, பி-யும் ஐ-யும் சேரும் எல்லையிலோ இருக்க வேண்டும். பி-அடுக்கே ஒளியைத் தின்றுவிடுகிறதா, அல்லது ஐ-அடுக்கில் பிறந்த துகள்கள் வெளியே வரவில்லையா? இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. கலத்துக்கு எதிர்த்திசையில் 1 வோல்ட் கொடுத்து அதே அளவீட்டை மறுபடி எடுப்பது. பி-அடுக்கு தின்ற ஒளி எந்த மின்னழுத்தம் கொடுத்தாலும் திரும்பாது. சேகரிப்பில் குறை என்றால் வளைவு மேலே எழும்.

நீலத்தில் வளைவு நன்றாக எழுந்தது. துகள்கள் பிறக்கின்றன, வெளியே வரவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

மூன்று யோசனைகள்

குழுவில் மூன்று கருத்துகள் இருந்தன. மேற்பார்வையாளர் பின்பக்கத்தில் ஜிங்க் ஆக்சைடும் வெள்ளியும் பூசி ஒளியைத் திருப்பியடிக்கலாம் என்றார். மின்னோட்டம் கட்டாயம் கூடும், அடுத்த அறிக்கையில் காட்ட ஒரு நல்ல எண்ணும் கிடைக்கும். ஆய்வாளர்களில் ஒருவர் டின் ஆக்சைடு மீது சந்தேகப்பட்டார். ஹைட்ரஜன் பிளாஸ்மா பட்டால் அது கருத்துப்போகும், ஒளி குறையும் என்பது தெரிந்த விஷயம். இன்னொருவர் போரானைக் காட்டினார்.

டின் ஆக்சைடைச் சோதிப்பது எளிது. வெறும் பூச்சுக் கண்ணாடி ஒன்றை பி-அடுக்குக்கான அதே பிளாஸ்மாவில், சிலேன் மட்டும் இல்லாமல், அதே நேரத்துக்கு வைத்து ஒளி ஊடுருவலை அளந்தோம். இறக்கம் இருந்தது, ஆனால் நீலத்தில் நாம் காணும் குறையை விளக்கும் அளவு இல்லை. எதிர்மின்னழுத்தச் சோதனையும் அதையேதான் சொல்லியிருந்தது. ஹைட்ரஜனைத் தாங்கும் ஜிங்க் ஆக்சைடுக்கு மாறலாமா என்ற பேச்சும் வந்தது. அதன் மேல் சாதாரண பி-அடுக்கு சரியான மின்தொடர்பு தராது. நுண்படிக பி-அடுக்கு ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும். ஒரு பிரச்சினையைத் தீர்க்க இன்னொன்றைத் தொடங்கவேண்டாம் என்று டின் ஆக்சைடையே வைத்துக்கொண்டோம்.

வெள்ளி பற்றி நீண்ட நேரம் பேசினோம். போரானைக் காட்டிய ஆய்வாளர் மேற்பார்வையாளரிடம் சொன்னது இது: "சார், வெள்ளி திருப்பி அனுப்பறது சிவப்பு ஒளி. அது ஐ-அடுக்குல ஆழத்துல உறிஞ்சப்படும். அங்க பிறக்கிற துளை பி-பக்கம் வரைக்கும் வரணும். அந்த எல்லையே சரியில்லாதப்போ அதையும் சேர்த்துத்தான் இழப்போம்." மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வெள்ளி பின்னால் வரட்டும், எல்லையை முதலில் சரிசெய்வோம் என்று முடிவாயிற்று. இந்த வரிசைதான் பின்னால் வந்த எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது என்பது என் உறுதியான கருத்து.

பதிவேட்டில் கிடைத்த தடயம்

போரான் மீது சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. பி-அடுக்குக்குப் போரான் தருவதற்காக டைபோரேன் வாயு போகிறது. அது கண்ணாடி மேல் மட்டும் படிவதில்லை. சேம்பரின் சுவர், மின்முனை, வாயுக்குழாயின் வாய் என்று எங்கும் ஒட்டுகிறது. டைபோரேனை நிறுத்திவிட்டு ஐ-அடுக்கைத் தொடங்கினாலும் சுவரிலிருந்து போரான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிப் படலத்தில் சேரும். மிளகாய் அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவாமல் அதிலேயே தேங்காய்ப்பால் எடுப்பது போலத்தான். சிறிதளவு போரானே ஐ-அடுக்கின் தொடக்கத்தில் மின்புலத்தைக் குலைத்துவிடும்.

தொழில்நுட்பர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வாயு அளவு, அழுத்தம், பிளாஸ்மா சக்தி மட்டுமல்லாமல் ஒவ்வொரு அடுக்கும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதையும் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர். அந்த நேரங்களை எடுத்து, பி முடிந்து ஐ தொடங்குவதற்குள் சேம்பர் எவ்வளவு நேரம் பம்பில் இருந்தது என்று கணக்கிட்டு, ஃபில் ஃபேக்டருக்கு எதிராகப் புள்ளிவைத்தோம். இடைவெளி நீண்ட ஓட்டங்களில் ஃபில் ஃபேக்டர் உயர்ந்திருந்தது. அவற்றில் பல மதிய உணவு நேரத்தை ஒட்டி வந்தவை. பி-அடுக்கை முடித்துவிட்டுப் பம்பை ஓடவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

இது தடயம், நிரூபணம் இல்லை. பம்பில் நீண்ட நேரம் இருக்கும் பி-அடுக்கின் மேற்பரப்பு மிச்சமிருக்கும் ஈரத்தால் லேசாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கலாம். அதனாலும் எல்லை மாறும். எனவே இரண்டு கலங்களை, ஒன்று குறுகிய இடைவெளி, ஒன்று நீண்ட இடைவெளி, அயனிக்கற்றையால் அடுக்கடுக்காகச் சுரண்டி ஒவ்வொரு ஆழத்திலும் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்க்கும் சிம்ஸ் அளவீட்டுக்கு வெளியே அனுப்பினோம். குறுகிய இடைவெளிக் கலத்தில் போரானின் அளவு எல்லையில் சட்டென்று விழாமல் ஐ-அடுக்குக்குள் வால் போல நீண்டிருந்தது. நீண்ட இடைவெளிக் கலத்தில் அந்த வால் குட்டையாக இருந்தது. ஆக்சிஜனில் வேறுபாடு குறைவு. அப்புறம் விவாதத்துக்கு இடமில்லை.

எடுத்த நடவடிக்கை

ஒவ்வொரு முறையும் மணிக்கணக்காகப் பம்பில் விட்டுவைப்பது தீர்வாகாது. சுவிட்சர்லாந்தின் ஆய்வுக்குழுக்கள் ஒற்றைச் சேம்பர் கருவிகளுக்கு ஒரு வழி காட்டியிருக்கின்றன: பி-அடுக்கு முடிந்ததும் அமோனியாவையோ நீராவியையோ சில நிமிடம் சேம்பருக்குள் விடுவது. சுவரில் ஒட்டிய போரான் அதோடு வினைபுரிந்து நிலையான சேர்மமாக மாறி அங்கேயே தங்கிவிடும், ஐ-அடுக்கின்போது வெளியேறாது.

அமோனியாவுக்குப் புதிய வாயு அலமாரியும் கசிவு உணரியும் வேண்டும். நீராவிக்கு ஒரு சிறு எஃகுக் குப்பியும் நுண்வால்வும் போதும். நீராவியையே எடுத்தோம். காற்றோடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும் சிலேன் ஓடுகிற சேம்பர் அது. அதனால் நீராவி வால்வும் சிலேன் வால்வும் ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி பூட்டமைப்பு ஒன்றைத் தொழில்நுட்பர் முதலில் போட்டார். அதைச் சோதித்த பிறகே குப்பியை இணைத்தோம். நீராவி விட்டபின் எச்சவாயு அளவியில் நீரின் உச்சி, நிறை எண் 18, பழைய மட்டத்துக்கு இறங்கும்வரை ஐ-அடுக்கைத் தொடங்குவதில்லை என்றும் விதி வைத்தோம்.

எவ்வளவு நேரம் விடுவது என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. சில நிமிடங்களிலேயே பலன் முழுதாகத் தெரிந்தது. நேரத்தை மேலும் கூட்டியபோது மின்னோட்ட-மின்னழுத்த வளைவு எஸ் எழுத்தைப் போல வளையத் தொடங்கியது. பி-அடுக்கின் மேல் ஆக்சைடு தடித்துத் துளைகளுக்குத் தடையாகிவிட்டது என்று பொருள். பலன் தெரிந்த குறைந்தபட்ச நேரத்தில் நிறுத்திக்கொண்டோம்.

எல்லையில் இன்னொரு மாற்றமும் செய்தோம். பி-அடுக்கில் மீத்தேன் சேர்த்து சிலிக்கான் கார்பைடாகச் செய்வது 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்த உத்தி. ஆற்றல் இடைவெளி கூடுவதால் அந்த அடுக்கு தின்னும் ஒளி குறையும். ஆனால் அங்கிருந்து ஐ-அடுக்குக்கு ஒரே தாவலில் போனால் எல்லையில் குறைகள் குவியும். அதனால் போரான் கலக்காத, மீத்தேனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் சில நானோமீட்டர் இடையடுக்கு ஒன்றை வைத்தோம். நீராவி மாற்றத்தின் பலனைத் தனியாக அளந்து முடித்த பிறகே இதைச் சேர்த்தோம். ஃபில் ஃபேக்டரின் ஏற்றத்தில் பெரும்பகுதி நீராவியால் வந்தது, மின்னழுத்த ஏற்றத்தில் பெரும்பகுதி இடையடுக்கால் வந்தது என்று இன்று சொல்ல முடிவது அந்தப் பொறுமையால்தான்.

இரண்டும் சேர்ந்து மின்னழுத்தம் 0.87 வோல்ட், ஃபில் ஃபேக்டர் 0.69, மின்னோட்டம் 14.4. செயல்திறன் 8.6 சதவீதம். நீலத்தில் தாழ்ந்திருந்த வளைவு நிமிர்ந்தது. எதிர்மின்னழுத்தம் கொடுத்தாலும் அது மேலே எழவில்லை.

வெளிச்சத்தில் வைத்தபின்

இந்த எண்ணோடு கட்டுரை எழுதிவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. அமார்ஃபஸ் சிலிக்கானில் ஆரம்ப எண் என்பது கலம் ஒருபோதும் வெயிலைப் பார்க்காதபோது மட்டும் உண்மை. வழக்கமான சோதனை, 50 டிகிரி சூட்டில், முழுச் சூரிய ஒளிக்கு நிகரான விளக்கின் கீழ், மின்முனைகளைத் திறந்த சுற்றில் விட்டு 1000 மணி நேரம் வைப்பது. ஆறு வாரம் ஆகும். சரிவு தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வரும் என்பதால் 1, 10, 100, 1000 மணி என்ற படிகளில் அளந்தோம்.

முடிவில் 6.5 சதவீதம். ஏறிய ஏற்றத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மின்னழுத்தம் அதிகம் விழவில்லை, ஃபில் ஃபேக்டர் 0.57-க்கு வந்துவிட்டது. போரான் சிக்கலைத் தீர்ப்பதற்கு முன்பிருந்த எண்ணுக்கு அருகில்தான் அது, ஆனால் காரணம் முற்றிலும் வேறு. குவாண்டம் திறனில் நீலம் இப்போதும் நன்றாக இருந்தது. இறக்கம் நீண்ட அலைநீளத்தில் இருந்தது. எல்லை கெடவில்லை, ஐ-அடுக்கின் உடல்தான் கெட்டிருக்கிறது.

இது ஸ்டேப்ளர்-ரான்ஸ்கி விளைவுதானா, அல்லது மின்முனை அரிப்பு போல வேறு ஏதாவதா? கலங்களைச் சில மணி நேரம் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி மறுபடி அளந்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் பழைய எண்ணுக்கு மிக அருகில் திரும்பின. திரும்பாத அந்த ஒன்றில் அலுமினியத்தின் விளிம்பு உரிந்திருந்தது. அதைக் கணக்கிலிருந்து நீக்கினோம்.

ஐ-அடுக்கில் செய்தவை

சரிவைக் குறைக்க இரண்டு வழிகளை ஒரே நேரத்தில் எடுத்தோம்.

ஒன்று தடிமன். ஐ-அடுக்கு மெல்லியதானால் அதே மின்னழுத்தம் குறைந்த தூரத்துக்குள் நிற்கும், மின்புலம் வலுக்கும். புதிய குறைகள் தோன்றினாலும் துகள்கள் அவற்றைத் தாண்டி வந்துவிடும். 450-லிருந்து சுமார் 280 நானோமீட்டருக்கு இறக்கினோம். ஆரம்ப மின்னோட்டம் குறையும் என்பது தெரிந்தேதான். முன்பு ஒத்திவைத்த ஜிங்க் ஆக்சைடு, வெள்ளிப் பின்பூச்சுக்கு இங்கேதான் இடம் வந்தது: தடிமன் குறைந்ததால் தப்பிக்கும் சிவப்பு ஒளியை அது திருப்பிக் கொடுக்கும். சொரசொரப்பான டின் ஆக்சைடும் ஒளியைச் சாய்த்துச் சிதறடிப்பதால் அது படலத்துக்குள் போகும் பாதை நீள்கிறது.

இரண்டாவது, சிலேனோடு ஹைட்ரஜனைக் கூடுதலாகக் கலந்து, பிளாஸ்மா சக்தியைக் குறைத்து, படலத்தை மெதுவாக வளர்த்தது. வேகமாக வளரும் படலத்தில் நுண்ணிய வெற்றிடங்கள் இருக்கும். அகச்சிவப்பு அளவீட்டில் 2100 அலையெண் பக்கம் அது உச்சியின் ஓரத்தில் ஒரு தோள் போலத் தெரியும். மெதுவாக வளர்த்ததில் அந்தத் தோள் தாழ்ந்து 2000-ஐ ஒட்டிய உச்சி மட்டும் ஓங்கியது. ஹைட்ரஜனை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. தாண்டினால் படலம் நுண்படிகமாக மாறத் தொடங்கும், மின்னழுத்தம் மளமளவென்று சரியும். ராமன் அளவீட்டில் அமார்ஃபஸுக்கான அகன்ற 480 மேடு மட்டும் இருக்க வேண்டும், படிகத்துக்கான 520 உச்சி தலைகாட்டக் கூடாது. தலைகாட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் கலவைதான் ஒளியைத் தாங்குவதில் சிறந்தது. எங்கள் கருவியில் அந்த இடம் கண்ணாடியின் நடுவுக்கும் விளிம்புக்கும் வேறாக இருந்ததால் விளிம்பில் இருந்த கலங்களைக் கைவிட்டோம்.

விளைவு

ஆரம்பச் செயல்திறன் 9.1 சதவீதம். 1000 மணி நேரத்துக்குப் பின் 7.6. முன்பு நான்கில் ஒரு பங்கு இழந்த கலம் இப்போது ஆறில் ஒரு பங்கு இழந்தது. ஒரே ஒரு பி-ஐ-என் அடுக்கு கொண்ட ஒற்றைச் சந்தி அமார்ஃபஸ் கலத்தில் உலக அளவில் நிலைத்த எண் 10 சதவீதத்தைத் தொட்டதே 2009இல்தான். சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரக் குழு ஒன்று 10.09 என்று காட்டியது. அதோடு வைத்துப் பார்க்கும்போது, பழைய ஒற்றைச் சேம்பர் கருவியில் 7.6 என்பதை நான் மதிப்புள்ள எண்ணாகவே பார்க்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கூரையில் தகடு 60 டிகிரிக்கு மேல் சுடும். வழக்கமான படிக சிலிக்கான் தகடு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் இழக்கும்போது, அமார்ஃபஸ் அதில் பாதியளவுதான் இழக்கிறது. அந்தச் சூடு ஒளியால் வந்த குறைகளில் சிலவற்றை ஆற்றவும் செய்கிறது. படிக சிலிக்கானின் விலை வீழ்ந்தபின் அமார்ஃபஸ் தகடுகள் சந்தையில் ஏறக்குறைய இல்லை என்பதும் உண்மை. ஆனால் படிக சிலிக்கானையும் அமார்ஃபஸையும் சேர்த்துச் செய்யும் ஹெட்டரோஜங்ஷன் கலங்களில், படிக சிலிக்கானின் மேற்பரப்பில் தொங்கும் பிணைப்புகளை மூடி அமைதிப்படுத்துவது சில நானோமீட்டர் அமார்ஃபஸ் சிலிக்கான்தான். அங்கேயும் போரான் எங்கே போய் நிற்கிறது என்பது அதே அளவு முக்கியம். போரானைக் காட்டிய ஆய்வாளர் இப்போது அந்த வேலையில் இருக்கிறார்.

அடுத்தமுறை மாற்றுவது

வெளிச்சச் சோதனை கடைசியில் வராது. எந்த மாற்றத்தைச் செய்தாலும் அதன் முதல் கலங்களில் ஒன்று அன்றே விளக்கின் கீழ் போகும். 100 மணி எண் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிடும். எந்தப் பாதை வீண் என்று அதிலேயே பெரும்பாலும் தெரியும்.

ஐ-அடுக்கின் தடிமனையும் ஹைட்ரஜன் கலவையையும் சேர்த்து மாற்றியதால், சரிவு குறைந்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. கருவி நேரம் முடியப் போகிறது என்பதால் எடுத்த முடிவு அது. அடுத்த சுற்றில் 280 நானோமீட்டரை மாற்றாமல் வைத்துக் கலவையை மட்டும் மாற்றும் தொகுதி ஒன்று செய்வதாக இருக்கிறது.

பதிவேட்டில் பி முடிந்து ஐ தொடங்கும் வரையிலான இடைவெளிக்குத் தனிக் கட்டம் போட்டாயிற்று. என்-அடுக்கின் பாஸ்பரஸ் அடுத்த கலத்தின் பி-அடுக்கில் ஏறாமல் இருக்க, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சுவர் மீது வெறும் ஐ-அடுக்கு ஒன்றைப் படியவைக்கிறோம். புதிய கருவிக்கான நிதி வந்தால் பி-அடுக்குக்குத் தனிச் சேம்பர் என்பதுதான் கேட்டிருக்கும் முதல் உறுப்பு.